மணிமொழி பஸ் பிடித்து வந்தாள்

சரசு பேசுவதற்கு எதிரில் ஆள் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பால் பொங்கினால் பாலோடு பேசுவாள். அடுப்பு பற்றிக்கொள்ள மறுத்தால் அடுப்போடு பேசுவாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டியே வீடு. வாசலில் தகரக் கூரை இறக்கி ஒரு டீக்கடை வைத்திருந்தாள். பௌர்ணமிக்கு நடக்கிற ஜனம் முழுக்க அவள் பேச்சில் ஒரு துண்டையாவது காதில் வாங்கிக்கொண்டுதான் அந்த இடத்தைத் தாண்ட முடியும். வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் கல்யாணமான புதிதில் பதில் சொல்லிப் பார்த்தார். பிறகு கழனியில் இருக்கிற நேரத்தைக் கூட்டிக்கொண்டார்.

இந்தப் பேச்சுக்கும் ஒரு மரியாதை வந்தது, மருமகள் அருணாதேவி வேலைக்குப் போன பிறகு.

அருணா ஆரணிப் பெண், தமிழில் எம்.ஏ. படித்தவள். சரசுவின் மகன் அருள்ராஜுக்குக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம் சும்மா இருந்தாள். பிறகு செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து காபி குடிக்கிற கடை ஒன்றின் மாடியில் ஓர் ஆபீஸில் சேர்ந்தாள். கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லித் தருகிற வேலை என்று சொன்னாள்.

"அதுக்கு தமிழ் எதுக்கு?" என்றாள் சரசு.

"நாம பேசறது அதுக்குப் புரியணும்ல அத்தை. நாம பஸ் பிடிக்கிறோம், மீன் பிடிக்கிறோம், சளி பிடிக்குது, மழை பிடிச்சுக்குது. எல்லாத்துக்கும் பிடின்னுதான் சொல்றோம். அது குழம்பிப் போயிடும். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு வாக்கியம் எழுதித் தரணும்."

"மீன் பிடிக்கறதுக்கும் மழ பிடிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாததுக்கு எதுக்கு இவ்ளோ கரண்ட்ட செலவு பண்றானுங்க?"

ஆபீஸில் அருணாவுக்கு அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அவள் எழுதிய வாக்கியத்தை எதிர் மேசையில் இருக்கிற ஆர்த்தி படிப்பாள். எந்த அர்த்தத்தை நினைத்து எழுதியது என்று ஆர்த்திக்குச் சொல்லக் கூடாது. அவளாகக் கண்டுபிடித்தால் பாஸ். அதோடு, வீட்டில் மனிதர்கள் பேசுகிற மாதிரியும் இருக்க வேண்டும். 'அவன் அவளது கரத்தை இறுகப் பிடித்தான்' என்று அருணா எழுதினாள். "யாரு வீட்லங்க இப்படி பேசுறாங்க?" என்று ஆர்த்தி சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள். முதல் மாதம் எழுதி அனுப்பியதில் பாதிக்குமேல் திரும்பி வந்தது.

அப்புறம்தான் அருணாவுக்கு உறைத்தது, வீட்டிலேயே ஒரு சுரங்கம் இருக்கிறதென்று. காய் நறுக்கும்போது மெல்ல ஆரம்பிப்பாள்.

"அத்தை, எடுக்கறதுன்னா என்னென்ன எடுப்போம்?"

"பசி எடுக்கும். சொத்தப் பல்ல எடுப்பாங்க. தீபாவளிக்கு துணி எடுப்போம். ஆரணில பொண்ணு எடுப்போம். அப்புறம் தலவலி எடுக்கும்."

அருணா சிரித்துக்கொண்டே மனதில் போட்டுக்கொள்வாள். மறுநாள் அத்தனையும் பாஸ். சரசுவுக்கும் இது பிடித்திருந்தது. ஐம்பத்தைந்து வயதில் முதல் தடவையாக ஒருத்தி, "அப்புறம்?" என்று கேட்கிறாள். சொல்லைத்தான் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று சரசு நினைத்தாள். சொல்லோடு சேர்ந்து வீடும் போகிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு பேசுகிற சரசு வாயைத் திறக்காத விஷயம் ஒன்றே ஒன்று, அவள் மகள் மணிமொழி.

மணிமொழியைப் போளூரில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை ஆதவனுக்கு அங்கே பெயிண்ட் கடை. குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனை லேபில் அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விடச் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். பேச்சு தடித்து, ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். கொஞ்ச நாள் இங்கே இருந்து யோசிக்கிறேன் என்றுதான் கேட்டாள். சரசுவுக்கோ யோசிக்கிற அளவுக்குப் பொறுமை இல்லை. டீ குடிக்க வருகிறவர்கள், "பொண்ணு வந்திருக்குது போல?" என்று கேட்டார்கள். சாதாரணமாகத்தான் கேட்டார்கள். சரசுவுக்கு ஒவ்வொரு கேள்வியும் சுருக்கென்று தைத்தது. மூன்றாம் நாள் காலையில் மகளை எழுப்பி, தலை வாரி, பூ வைத்து, போளூர் பஸ்ஸில் ஏற்றி, தானும் கூடப் போய் அந்த வீட்டுக் கேட்டுக்கு முன்னால் விட்டாள். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உள்ள வந்து ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போ" என்றாள் மணிமொழி. "இந்த பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்ல" என்று சொல்லிவிட்டு சரசு திரும்பி நடந்தாள்.

அதற்கப்புறம் இரண்டு கார்த்திகை தீபம் வந்து போய்விட்டது. அந்தப் பக்கத்தில் தீபத்துக்குப் பெண்ணை நேரில் போய் அழைப்பது வழக்கம். பூ, பழம், மஞ்சளோடு தாய் வீட்டிலிருந்து ஒருத்தர் போய் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். அழைக்காமல் வருகிற பெண்ணை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். அருள்ராஜ் போனில் கூப்பிட்டுப் பார்த்தான். "கொண்டாந்து விட்டவங்க வந்து அழைக்கட்டும், வரேன்" என்று தங்கை சொல்லிவிட்டாள். அவளாகச் சண்டை போட்டு, அவளாக ஜெயித்து, திரும்பவும் லேபுக்கு வேலைக்குப் போகிறாள் என்பதும் அவன் மூலமாகத்தான் தெரிந்தது.

"பெத்தவ போய் பொண்ணுகிட்ட கெஞ்சணுமா?" என்று சரசு வெளியில் சொல்லிக்கொண்டாள். உள்ளே இருந்தது வேறு. அந்தக் கேட்டைத் திரும்பப் பார்க்க அவளுக்கு பயமாக இருந்தது. இதை ஒரே ஒரு தடவை, கரண்ட் போன ஒரு மத்தியானத்தில், அருணாவிடம் மட்டும் சொன்னாள். சொல்லி அழுதாள். மறுநாள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஐப்பசி பௌர்ணமி வந்தது. காலையில் பெய்த மழை விட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் பாதை நிறைய ஜனம். சரசு அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் வெத்தல பாக்கு வெச்சி அழைக்கணுமா? பத்திக்கயேன்."

கடைக்கு முன்னால் நின்ற பெண் கலகலவென்று சிரித்தாள். கையில் செருப்பு போட்ட பிளாஸ்டிக் பை. "நீங்கதான சரசு அத்தை?" என்றாள். "நான் ஆர்த்தி. அருணா ஆபீஸ்ல எதிர் சீட்டு. உங்க பேச்சப் படிக்காம எனக்கு ஒரு நாள் கூட போனதில்ல."

"என் பேச்சா?"

"'உங்க மாமா வாயத் தொறந்தா கொட்டாவி விடத்தான்.' நீங்க சொன்னதுதான? ஆபீஸே சிரிச்சுது."

சரசுவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. செங்கம் ரோடு மாடி வரைக்கும் தன் வாய் போயிருக்கிறது! பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. சரசு இஞ்சியைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே தட்டிப் போட்டு டீ ஆற்றிக் கொடுத்தாள். ஆர்த்தி ஊதிக் குடித்துக்கொண்டே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மணிமொழி அக்காவக் கூப்பிடுங்க. ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்."

"எந்த மணிமொழி?" என்றாள் சரசு. அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"உங்க பொண்ணுதான். வந்துட்டாங்கல்ல? மழைக்கு முன்ன வீட்டுக்கு வந்து சேந்தாங்க, நீங்க கேசரி கூட செஞ்சீங்களே. அருணா எழுதறது எல்லாம் வீட்ல நடக்கறதுதான..."

டம்ளர் தட்டோடு வெளியே வந்த அருணா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆர்த்தி அவள் முகத்தைப் பார்த்தாள், சரசுவின் முகத்தைப் பார்த்தாள். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள் என்று ஏதோ சொல்லிவிட்டு, பாதி டீயை வைத்துவிட்டு ஜனத்தோடு கலந்துவிட்டாள்.

அன்றைக்கு சரசு பேசாமல் டீ விற்றாள். நடந்து போகிற ஜனத்துக்கு அதில் ஒன்றும் குறையில்லை. வீட்டுக்குத்தான் தாங்கவில்லை.

மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. சரசு துணி எடுத்துத் துடைத்தாளே தவிர பாலை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அருணா, "உப்பு சரியா இருக்குதா அத்தை?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். அருள்ராஜ் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போனான். ராஜமாணிக்கம் கழனியிலிருந்து சீக்கிரமே வந்து, சமையல்கட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்று, "ஒடம்பு ஏதாவது சரியில்லயா?" என்று கேட்டார். அந்த மனிதர் இத்தனை வருஷத்தில் தானாக ஆரம்பித்த பேச்சு அதுவாகத்தான் இருக்கும். சரசு இல்லை என்று கையை ஆட்டினாள்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். குடும்பத்து விஷயத்தைக் கொண்டுபோய் மாடியில் பரப்பி வைத்திருக்கிறாள் இந்தப் பெண். திட்டுவதற்கு வார்த்தையெல்லாம் தொண்டையில் தயாராக இருந்தது. ஆனால் வாயைத் திறக்கப் போகும்போதெல்லாம் வேறு ஒரு கேள்வி முந்திக்கொண்டு வந்து நின்றது. வந்தபோது மணிமொழி எப்படி இருந்தாள்? இளைத்திருந்தாளா? வாசலில் வந்து நின்றதும் சிரித்தாளா, இல்லை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளா? நடக்காத ஒன்றைப் பற்றி இப்படிக் கேட்கத் தோன்றுகிறதே என்று சரசுவுக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு பயந்துதான் அவள் பேசாமல் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியாரும் மருமகளும் முறத்தை நடுவில் வைத்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பௌர்ணமிதான் தீபம். அன்றைக்குக் கடலையை வறுத்து விற்பதற்கு இப்போதே சேர்க்க வேண்டும். தோல் உடைகிற சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை.

"சொல்லு" என்றாள் சரசு.

அருணா கையில் இருந்த கடலையைக் கீழே போட்டுவிட்டாள். "என்ன சொல்லட்டும் அத்தை?"

"எம்பொண்ணப் பத்தி இன்னா எழுதின, அதச் சொல்லு."

எழுதியதை வெளியே கொண்டு வர ஆபீஸில் விடமாட்டார்கள். போனைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் அருணாவுக்கு அத்தனையும் மனப்பாடமாக இருந்தது.

"தப்புதான் அத்தை. மொதல்ல 'விடு'ன்ற வார்த்தைக்கு நெஜத்ததான் எழுதினேன். 'மணிமொழிய நான்தான் கொண்டு போய் விட்டேன்'னு நீங்க அன்னிக்கு சொன்னீங்கல்ல, அத. எழுதிட்டுப் படிச்சுப் பாத்தா என்னால முடியல. அழிச்சிட்டேன். அப்புறம் 'பிடி'ன்ற வார்த்தை வந்துச்சு. கை பாட்டுக்கு எழுதிடுச்சு."

"இன்னான்னு எழுதுச்சு?"

அருணா முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"'மணிமொழி போளூர்ல பஸ் பிடிச்சு வந்தா.' 'மழை பிடிக்கறதுக்குள்ள வீட்டுக்கு வந்து சேந்துட்டா.' 'அம்மா ஓடி வந்து அவ கையப் பிடிச்சுக்கிட்டா.' 'அவளுக்கு கேசரி ரொம்பப் பிடிக்கும்.' 'பேசிட்டே இருந்ததுல கேசரி அடி பிடிச்சிருச்சு.'"

சரசு உரிக்கிற கையை நிறுத்தியிருந்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு முறம் மங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"அவளுக்கு கேசரி பிடிக்காது" என்றாள். "எனக்குதான் பிடிக்கும். அவ பேரச் சொல்லி செஞ்சு நான்தான் துன்னுவேன். அவளுக்கு காரப் பணியாரம். அதுவும் பச்ச மொளகா கம்மியா போட்டா தொட மாட்டா."

"சரி அத்தை."

"நான் கேசரி கிண்டி எப்ப அடி பிடிச்சிருக்குது?"

"இல்ல அத்தை."

"அப்புறம்?"

"அவ்ளோதான். பிடிக்கு அவ்ளோ அர்த்தந்தான் கேட்டிருந்தாங்க."

சரசு மல்லாட்டையைக் கிளறினாள். பிறகு கேட்டாள்:

"யாரு போயி அவள அழைச்சாந்தது?"

அருணா நிமிர்ந்து பார்த்தாள். "யாரும் போகல அத்தை. அவங்களே வந்தாங்க. அப்படித்தான் எழுதினேன்."

"அவளா வர மாட்டா."

அருணா கீழே சிந்திய தோலைப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

"யாரும் அழைக்காம மணிமொழி வந்தான்னா யாரு நம்புவாங்க? இத உங்க ஆர்த்தி பாஸ் பண்ணிட்டாளா?"

"பண்ணிட்டா."

"அவளுக்கு எம்பொண்ணத் தெரியாது."

சரசு எழுந்தாள். மடியில் கிடந்த தோலை உதறினாள். உள்ளே போய் முகம் கழுவி, அலமாரியிலிருந்து கத்தரிப்பூக் கலர் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். அருள்ராஜைத் துணைக்கு அனுப்பவா என்று அருணா கேட்டாள். "வேணாம். அன்னிக்கு நான் தனியாதான் போயி விட்டேன்" என்றாள் சரசு. ராஜமாணிக்கம் குடையைக் கொண்டு வந்து கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் பூவும் பழமும் மஞ்சளும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். 'இன்னா மணி, நல்லா இருக்கிறியா?' பக்கத்து வீட்டுக்காரி கேட்பது போல இருந்தது. 'உங்கப்பா உன்னப் பாக்கணும்றாரு.' அவர் எப்போது அப்படியெல்லாம் சொன்னார், பொய். 'அன்னிக்கு ஊரு பேசும்னு பயந்துட்டேன்.' உண்மைதான், ஆனால் இவள் பயத்துக்கு அவள் என்ன செய்வாள். 'நான் பண்ணது தப்பு.' இதுதான் சரி. ஆனால் முணுமுணுப்பாகக்கூட அது வாயை விட்டு வெளியே வரவில்லை. பக்கத்து சீட்டுப் பெண், "ஏதாவது சொன்னீங்களாக்கா?" என்றாள். சரசு இல்லை என்று தலையாட்டினாள். பேச்சிலேயே பிழைத்தவளுக்கு ஒரு வார்த்தை அகப்படாமல் போளூர் வந்துவிட்டது.

தெரு மாறவில்லை. கேட்டுக்கு மட்டும் புதிதாகப் பச்சை அடித்திருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சரசுவைப் பார்த்ததும் அவள் கை நின்றது. மொட்டை மாடியில் துணி உலர்த்திய யாரோ சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். சரசுவுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்போது மணிமொழி ஈரத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இளைக்கவில்லை. கொஞ்சம் சதைதான் போட்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், அது புதிது. அம்மாவைப் பார்த்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"அழைக்க வந்தேன்" என்றாள் சரசு.

"தீபத்துக்குதான் இன்னும் நாள் கெடக்குதே."

"கெடக்கட்டும். இப்பவே வா."

மணிமொழி கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திரும்ப எப்ப கொண்டாந்து விடுவ?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட சரசு தாங்கியிருப்பாள். கையிலிருந்த பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ எப்ப சொல்றியோ அப்ப. நீ சொல்லலன்னா இல்ல" என்றாள். பிறகு, பஸ்ஸில் வராத வார்த்தை தானாக வந்தது. "அன்னிக்கு பஸ் இல்லன்னு சொன்னேன். பொய் மணி. ஸ்டாண்டுல அது பின்னாலயே ரெண்டு பஸ் நின்னுட்டு இருந்துச்சு. நான் பண்ணது தப்பு."

"எனக்குத் தெரியும்" என்றாள் மணிமொழி.

தாழ்ப்பாளை எடுத்தாள். கேட்டைத் திறந்து விட்டுவிட்டு உள்ளே போனாள். சரசு படியருகில் நின்றாள், உட்காரலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. மணிமொழி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நீட்டினாள். சரசு அண்ணாந்து குடித்தாள். அவசரத்தில் பாதித் தண்ணீர் கழுத்தில் இறங்கிப் புடவையெல்லாம் நனைந்தது.

உள்ளேயிருந்து மணிமொழியின் மாமியார் ஆதிலட்சுமியின் குரல் கேட்டது.

"யாரும்மா அது?"

மணிமொழி உள்பக்கம் திரும்பவில்லை. எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்:

"எங்கம்மா. என்ன அழைச்சினு போறதுக்கு வந்திருக்குது."